ஹாஸ்டலில் நாமும் செய்யும் நக்கலுக்கு எதற்கு எழுத்தாளர்கள்?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அறை நண்பர் உங்களுக்கு ஓர் அமெரிக்க நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறார். மட்டமான பழைய படம் ஒன்று முழுதாக ஓடுகிறது. திரையின் கீழ் ஓரத்தில் ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் நிழலாக உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரமும் படத்தை நக்கலடிக்கிறார்கள். ‘இதை நாங்கள் தினமும் ஹாஸ்டலில் செய்கிறோமே, இதற்கு எழுத்தாளர்கள் எதற்கு? காசில்லாமல் கஷ்டப்பட்டுப் படம் எடுத்தவர்களின் மானத்தை வாங்குவதில் என்ன கலை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி தொழில் பற்றிய கேள்வி. இரண்டாவது பாதிதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். ஒருவருடைய உழைப்பு சரியாக வராமல் போனால், அதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை உண்டா? இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். நான் 22 வருடம் சென்னையில் டப்பிங் தியேட்டர்களில் வேலை பார்த்தவன். உதட்டசைவுக்கு வசனம் பொருத்துவதுதான் என் தொழில். அதனால் இந்த நிகழ்ச்சியை நான் முதலில் பார்த்தது காதால்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நிகழ்ச்சியின் பெயர் மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000. மேடை நகைச்சுவைக் கலைஞரான ஜோயல் ஹாட்ஜ்சன் உருவாக்கியது. 1988 நவம்பர் 24, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாளன்று, மினியாபொலிஸ் நகரின் கே.டி.எம்.ஏ. என்ற சிறிய உள்ளூர் சேனலில் தொடங்கியது. மறு வருடமே கேபிளுக்குப் போய், பிற்பாடு காமெடி சென்ட்ரல் என்று பெயர் மாறிய சேனலில் 1996 வரை ஓடியது. அங்கே நிறுத்தப்பட்டதும் சை-ஃபை சேனலுக்கு மாறி 1999 வரை போனது. கதை என்று பார்த்தால் ஒரே வரி. ஆராய்ச்சிக் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஒருவனைக் கிறுக்கு விஞ்ஞானிகள் விண்வெளிக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மனித மனத்தை உடைக்கக்கூடிய படம் எது என்று கண்டுபிடிக்க, மோசமான படங்களாக அவனுக்கு அனுப்புகிறார்கள். தனிமை தாங்காமல் அவன் கலத்தின் உதிரி பாகங்களிலிருந்து ரோபோக்களைச் செய்து துணைக்கு வைத்துக்கொள்கிறான். க்ரோ என்ற ரோபோவின் அலகு, பிளந்த பௌலிங் கட்டை. கண்கள் பிங்பாங் பந்துகள். டாம் சர்வோவின் தலை, மிட்டாய் போடும் கண்ணாடி உருண்டை. கேலி செய்கிறவர்களே கடைத்தெருச் சாமான்களை ஒட்டித்தான் தங்கள் உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். உள்ளூர் சேனலில் இருந்த அந்த முதல் சில மாதங்களில் நீங்கள் சொன்னது போலத்தான் நடந்தது. படம் ஓடும்போது தோன்றுவதைப் பேசினார்கள். அந்தப் பகுதிகளை இன்றைக்குப் பார்த்தால் நீண்ட மௌனங்கள், பாதியில் விட்ட வாக்கியங்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் ஏறுவது எல்லாம் தெரியும். கேபிளுக்குப் போன பிறகு எல்லாமே எழுதப்பட்டது. எழுத்தாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நிறுத்தி, நேரக் குறிப்போடு ஒவ்வொரு வரியையும் எழுதினார்கள். படத்தின் நடுவில் போடும் இந்தப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரிஃப். ஒரு பகுதியில் சுமார் 700 ரிஃப் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விளம்பரம் போக ஏறக்குறைய 90 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எட்டு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று. நான் ஒரு பகுதியில் பத்து நிமிடத்தை மட்டும் காகிதத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். கணக்கு பெரிதாகத் தப்பவில்லை.

எண்ணிக்கை பெரிய விஷயமில்லை, வேகமாகப் பேசுகிறவர் யாரும் 700 வரி பேசிவிடலாம். என்னை உட்கார வைத்தது வேறு. 1998இல் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது டிவியிலிருந்து பதிவு செய்த ஒரு கேசட் கொண்டுவந்தான். அது என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க டிவி முறையில் பதிந்த கேசட், எங்கள் வீட்டுப் பெட்டியில் கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. ஆங்கிலம் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது. படத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும்போது இவர்கள் வாயை மூடிவிடுகிறார்கள். வசனம் முடிந்து, அடுத்த வசனத்துக்கு அவர் மூச்சு இழுக்கிறார் பாருங்கள், அந்த இடைவெளியில் ஒரு வரி விழுகிறது. அடுத்த வசனத்தின் முதல் எழுத்து வருவதற்குள் அது முடிந்தும் விடுகிறது. அந்த ஒன்றரை நொடிக்குள் ஒரு வரியைப் பொருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று டப்பிங்கில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். எங்களுக்காவது உதட்டசைவு ஒரு வழிகாட்டி. பைலட் டிராக்கை, அதாவது படப்பிடிப்பில் வழிகாட்டியாகப் பதிந்த ஒலியைக் கேட்டு, உதட்டைப் பார்த்து, எத்தனை அசை என்று விரலில் தட்டி எழுதுவோம். இவர்களுக்கு உதடும் இல்லை, வெறும் வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தின் நீளத்தை ஃப்ரேம் கணக்கில் அறிந்து, அதற்குள் சிரிப்பின் முடிச்சு கடைசிச் சொல்லில் அவிழும்படி எழுத வேண்டும். சிரித்து முடிக்கக் கொஞ்சம் இடமும் விட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு அடுத்த வசனம் காதில் விழாது. வசனம் விழாவிட்டால் கதை போய்விடும். கதை போனால் அடுத்த நையாண்டிக்கு நிற்க இடமில்லை.

ஹாஸ்டலில் நீங்கள் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நண்பர்களோடு பார்க்கும்போது நாம் படத்தின் மேலே பேசுகிறோம், படம் பின்னணிச் சத்தமாகிவிடுகிறது. இவர்கள் படத்துக்கு நடுவில் பேசுகிறார்கள். அதற்குப் படத்தை, அதை எடுத்தவரே கேட்டிருக்க மாட்டார் என்கிற அளவுக்கு உன்னிப்பாகக் கேட்டாக வேண்டும்.

ஓர் உதாரணம். 1988இல் வந்த ‘ஸ்பேஸ் ம்யூட்டினி’ என்ற படத்தை 1997இல் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் எடுத்த படம் அது. விண்கலம் பறக்கும் காட்சிகள் வேறொரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்து ஒட்டியவை. கொலையுண்ட ஒரு பெண் அடுத்த காட்சியிலேயே தன் இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும் பிழை. இவர்கள் பிடித்தது அதைவிடச் சின்ன ஒன்று. நாயகன் தோள் அகன்ற, கழுத்தே தெரியாத ஆள். அவர் ஒவ்வொரு முறை சண்டையில் இறங்கும்போதும் ஒரு புதுப் பெயர் சூட்டுகிறார்கள். முதல் பாதி ஒரு கெட்டியான பொருள், இரண்டாம் பாதி இன்னொரு கெட்டியான பொருள். தடித்த பலகை, முறுக்கேறிய எலும்பு என்கிற ரகம். படம் முழுக்க டஜன் கணக்கில் இப்படிப் பெயர்கள், ஒன்று போல இன்னொன்று இல்லை. எட்டாவது பெயரில் அலுக்கும், பதினைந்தாவதில் மறுபடி சிரிப்பு வரும் என்று கணக்குப் போட்டுப் படம் நெடுகத் தூவியிருக்கிறார்கள். அந்த இடைவெளிகளை நிர்ணயிக்க மொத்தப் படத்தையும் தலைக்குள் வைத்திருக்க வேண்டும்.

இனி நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகும் விஷயம். இந்த நிகழ்ச்சிக்கு ஏன் மலிவான படம்தான் தேவைப்பட்டது? மோசமான படம் என்பதால் சிரிப்பு வருகிறது என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, மலிவான படத்தில் இடம் அதிகம். பணம் இல்லாத படத்தில் மௌனம் நிறைய இருக்கும். காரணம் பெரும்பாலும் ஒலி.

நண்பர் உங்களுக்குக் காட்டியது ‘மேனோஸ்: த ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ என்று சொன்னீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம். டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ நகரில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹெரால்டு வாரன் எழுதி, இயக்கி, நடித்து 1966இல் வெளியிட்ட படம். செலவு ஏறக்குறைய 19,000 டாலர். திரைக்கதை எழுத்தாளர் ஸ்டர்லிங் சிலிஃபான்டிடம், திகில் படம் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்று பந்தயம் கட்டித்தான் இதை எடுத்தார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது நல்ல கதை. ஆனால் வாய்வழி வந்த கதையாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன், அதன்மேல் எதையும் கட்ட மாட்டேன். கருவி விஷயத்தில் அந்தத் தயக்கம் வேண்டாம். கையால் சாவி கொடுக்கும் பெல் அண்ட் ஹவல் 16 எம்.எம். கேமரா அது. ஒரு சாவிக்கு அதிகபட்சம் 32 நொடி ஓடும். ஒலிப்பதிவு வசதி கிடையாது. இந்த இரண்டு தகவலை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பாருங்கள், பாதிப் பிழைகளுக்கு உங்களுக்கே காரணம் புரியும். எந்த ஷாட்டும் அரை நிமிடத்துக்கு மேல் போக முடியாது. ஆகவே நடிகர்கள் வசனத்துக்கு முன்னும் பின்னும் சும்மா நிற்பதை வெட்டாமல் விட்டு நீளத்தைத் தேற்றியிருக்கிறார்கள். முழுப் படத்துக்கும் பிறகு ஒரு சிலர் மட்டும் உட்கார்ந்து எல்லாருக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் வெவ்வேறு ஆட்கள் ஒரே தொண்டையில் பேசுவது போல இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் கார் போய்க்கொண்டே இருக்குமே, அந்த இடத்தில் பெயர் போடுவதாக இருந்து, பெயர் போடாமலே விட்டுவிட்டார்கள் என்பது பலருடைய ஊகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எங்கள் பக்கத்திலும் டைட்டிலுக்கு என்று எடுத்த வெறும் ஷாட்டுகள் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன், அதே நிறம்.

1961இல் வந்த ‘த பீஸ்ட் ஆஃப் யக்கா ஃப்ளாட்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே. கோல்மன் ஃபிரான்சிஸ் இயக்கியது. ஒலியே பதியாமல் எடுத்து, உதடு பொருத்தும் வேலையையும் தவிர்ப்பதற்காக, முகம் திரும்பியிருக்கும்போதோ ஆள் சட்டத்துக்கு வெளியே இருக்கும்போதோதான் பேச வைத்திருக்கிறார்கள். மீதியை ஒரு விவரிப்பாளரின் குரல் நிரப்புகிறது. ‘த க்ரீப்பிங் டெரர்’ படத்திலும் இதே கதை. ஆட்கள் வாயசைப்பார்கள், என்ன பேசினார்கள் என்று பின்னணிக் குரல் நமக்கு எடுத்துச் சொல்லும். 1951இல் வந்த ‘லாஸ்ட் கான்டினன்ட்’ படத்தில் வேறு வகை மௌனம். மலை ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் போடும் வழக்கம் இருந்ததால், படம் என்று விற்க ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். அந்த நீளத்தை எட்ட நடக்க வைப்பார்கள், கார் ஓட்ட வைப்பார்கள், மலை ஏற வைப்பார்கள். மிஸ்டரி சயின்ஸ் தியேட்டரின் ஆட்கள் குடியேறியது இந்த இடங்களில்தான். நல்ல படத்தில் இப்படி உட்கார இடம் கிடைக்காது. அங்கே மௌனமும் ஏற்கெனவே ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. நிகழ்ச்சியில் பார்த்ததை வைத்து மூலப்படத்தை எடை போடாதீர்கள். இரண்டு மணி நேர இடத்தில் விளம்பரமும் நடு நடுவே ரோபோக்களின் நாடகத் துணுக்குகளும் போக வேண்டும் என்பதால், பல படங்களை வெட்டித்தான் போட்டார்கள். கதை தாவுகிறது, ஒரு பாத்திரம் காரணமில்லாமல் காணாமல் போகிறது என்று தோன்றினால், குற்றம் படத்துடையதா, இவர்கள் கத்தரியுடையதா என்று மூலத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ‘சைட்ஹேக்கர்ஸ்’ என்ற பைக் பந்தயப் படம் இதற்குச் சாட்சி. அதை முழுதாகப் பார்க்காமலே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான் நடுவில் ஒரு பெண்ணை வன்புணர்ந்து கொல்லும் காட்சி இருப்பது தெரிந்தது. அதை வெட்டி எறிந்தார்கள். அந்தப் பாத்திரம் திடீரென்று காணாமல் போனதை விளக்க, ரீட்டா இறந்துவிட்டாள் என்று க்ரோ ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். படங்களைத் தேடிப் பார்ப்பது பல வருடம் எழுத்தாளர்களில் ஒருவரான ஃபிராங்க் கானிஃபின் வேலை. கட்டுக்கட்டாக வந்த கேசட்டுகளுக்கு நடுவே ‘மேனோஸ்’ படத்தைக் கண்டெடுத்தவர் அவர். எதைக் கேலி செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்ற முடிவு முதல் வரி எழுதுவதற்கு முன்பே, அந்த நாற்காலியில் எடுக்கப்பட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் நான் சொல்வது என் அபிப்பிராயம், அதற்கு மேல் அதற்கு எடை கொடுக்க வேண்டாம். ஆனால் அபிப்பிராயம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்னப் படத்துக்கு வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். படப்பிடிப்பு முடிந்து ஒன்றரை வருடம் பெட்டியில் கிடந்து, பிறகு எப்படியோ பணம் புரட்டி டப்பிங்குக்கு வந்தார்கள். அதற்குள் கதையை மாற்றியிருந்தார்கள். நாயகியின் அண்ணனாக நடித்தவர் கதையில் இப்போது மாமா. அவர் உதடு ‘தங்கச்சி’ என்று அசைகிறது. நாங்கள் அந்த மூன்று அசைக்குள் வேறொரு சொல்லைப் புகுத்த ராத்திரி முழுக்க முயன்றோம். மறுநாள் தியேட்டர் வாடகை கொடுக்கக் காசில்லை. உட்கார்ந்தது வரைக்கும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். படம் வெளிவந்த அன்று நான் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தபோது அரங்கமே சிரித்தது. அவர்கள் சிரித்ததில் தப்பு எதுவும் இல்லை, அது சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் எனக்கு வலித்தது. பிழையைப் பார்த்த முந்நூறு பேரில் அது எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் அந்த வலி.

மிஸ்டரி சயின்ஸ் தியேட்டரில் அது தோன்றுகிறது. அவர்களுடைய நல்ல வரிகள் ‘ஐயோ எவ்வளவு மோசம்’ என்று நிற்பதில்லை. ஒலிவாங்கி எங்கே இருந்தது, இந்த நடிகர் எந்தத் திசையில் நின்ற யாரைப் பார்த்துப் பேசுகிறார், பகலில் எடுத்துவிட்டு ராத்திரி என்று சொல்கிறார்களா, இயக்குநர் இந்த இடத்தில் என்ன செய்ய நினைத்திருப்பார் என்று படம் எடுத்தவன் தலைக்குள் நுழைந்து பார்த்தவை அவை. ஒரே படத்தோடு நாட்கணக்கில் உட்காராமல் அந்த வரிகள் வராது. அதனால்தான் முதலில் சொன்ன அந்த ரோபோக்களின் உடம்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மிட்டாய் உருண்டையை ஒட்டிப் பொம்மை செய்தவனுக்கு, தரைவிரிப்பைப் போர்த்தி ராட்சதன் செய்தவன் சொந்தக்காரன்தான். ஹாட்ஜ்சன் தொகுப்பாளராக இருந்த காலத்தில் இந்தச் சொந்தம் குரலிலேயே தெரியும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் அப்பாவின் தூக்கக் கலக்கக் குரல் அது. 1993இல் ‘மிட்செல்’ படத்தோடு அவர் விலகினார். அவருக்குப் பிறகு வந்த மைக் நெல்சன் அதுவரை தலைமை எழுத்தாளராக இருந்தவர், அவர் காலத்தில் முனை கொஞ்சம் கூர்மையானது. யார் சிறந்தவர் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு ஜோயல் பிடிக்கும். நேர அளவு என்று மட்டும் பார்த்தால் மைக் காலத்து எழுத்து இன்னும் கச்சிதம்.

எல்லா வரியும் நியாயமானதா என்றால் இல்லை. நடிகைகளின் உடம்பை, ஒருவருடைய பருமனை, முகத்தை வைத்து வரும் வரிகள் நிறைய உண்டு. அவை இன்று கேட்கக் கசக்கின்றன, அன்றும் அவை சோம்பேறித்தனமான வரிகள்தான் என்பது என் எண்ணம். ஒருவர் எடுத்த முடிவைப் பார்த்துச் சிரிப்பது வேறு, அவருக்குப் பிறப்பில் வந்ததைப் பார்த்துச் சிரிப்பது வேறு. 1996இல் திரையரங்குக்கு என்று இவர்கள் எடுத்த படத்திலும் எனக்கு மனக்குறை உண்டு. 1955இல் வந்த ‘திஸ் ஐலண்ட் எர்த்’ படத்தை அதில் எடுத்துக்கொண்டார்கள். அது பணம் போட்டு, அக்கறையோடு, வண்ணத்தில் எடுத்த படம். அதைக் குறுக்கி, நடுவே தங்கள் காட்சிகளையும் சேர்த்த பிறகும், இவர்கள் படம் மூலப்படத்தைவிட நீளம் குறைவாக இருக்கிறது. படத்துக்குக் காது கொடுப்பதுதான் இவர்கள் பலம் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். அங்கே காது கொடுக்கவில்லை.

கேலிக்கு ஆளானவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். ஒரே மாதிரி இல்லை. ‘ஹாப்காப்ளின்ஸ்’ படத்தின் இயக்குநர் ரிக் ஸ்லோன் தன் படத்தைத் தானே நிகழ்ச்சிக்கு அனுப்பி வைத்தவர். விழுந்து விழுந்து சிரித்தவருக்கு, முடிவில் தன்னையே பாத்திரமாக்கிய துணுக்கு மட்டும் அதிர்ச்சியாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். இந்த ஒரு பதிலில் நீங்கள் தேடும் எல்லைக்கோடு இருப்பதாக எனக்குப் படுகிறது. படத்தைக் கேலி செய்தபோது அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், கேலி ஆளின் மேல் திரும்பியதும் நின்றுவிட்டார்.

‘மேனோஸ்’ விஷயம் இன்னும் கனமானது. 1966 நவம்பர் 15 அன்று எல் பாசோவில் முதல் காட்சி. படத்தில் நடித்த ஊர்க்காரர்கள் அலங்கரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சொந்த ஊர் கூட்டம் அங்கேயே சிரிக்கத் தொடங்கிவிட்டது. அதாவது 26 வருடம் கழித்து ரோபோக்கள் சிரித்தது முதல் சிரிப்பு அல்ல. படத்தில் நடித்த சிறுமி அந்த அரங்கில் இருந்தாள். தன் முகம் திரையில் வாயைத் திறக்க, வேறு யாருடைய குரலோ வந்ததைக் கேட்டு அழுதுவிட்டாள் என்று பெரியவளான பிறகு சொல்லியிருக்கிறார். டப்பிங்காரனாக இந்த ஒரு தகவலை என்னால் கடக்க முடிவதில்லை. எத்தனை குழந்தைகளுக்கு நாங்கள் பெரியவர்களை வைத்துக் குரல் கொடுத்திருக்கிறோம், ஒரு குழந்தையிடமும் கேட்டதில்லை. டார்கோ என்ற வேலைக்காரனாக முழங்கால் வீங்க நடப்பாரே, அந்த நடிகர் ஜான் ரெனால்ட்ஸ், முதல் காட்சிக்கு ஒரு மாதம் முன்பே இறந்துவிட்டார். அவர் ஒரு சிரிப்பையும் கேட்கவில்லை.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்மை. 1993 ஜனவரி 30 அன்று அந்தப் பகுதி ஒளிபரப்பாகாமல் இருந்திருந்தால் ‘மேனோஸ்’ என்ற படம் இன்று இருந்திருக்காது. உள்ளூரில் ஓடி மறைந்த படம் அது. கேலியால் பெயர் தெரிந்தது, பெயர் தெரிந்ததால் தேடினார்கள். 2011இல் பென் சொலோவே என்ற ஒளிப்பதிவாளருக்கு அதன் 16 எம்.எம். வேலைப்பிரதி, அதாவது படத்தொகுப்புக்குப் பயன்படுத்திய பிரதி, கிடைத்தது. ரசிகர்களிடம் பணம் திரட்டி அதைச் சுத்தம் செய்து 2015இல் ப்ளூ-ரேயாக வெளியிட்டார்கள். மூலத்தின் வண்ணத்தைப் பார்த்தால் அது வேறு படம். டார்கோவின் முகம் முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிகிறது. அழுத அந்தச் சிறுமி வளர்ந்து, படம் எடுத்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். இது அந்த முதல் நாள் வலியைச் சரிக்கட்டுமா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, அது அவர்கள் சொல்ல வேண்டியது. அந்தப் படத்தை இன்று ஆயிரக்கணக்கானவர்கள் கடைசி ஃப்ரேம் வரை பார்க்கிறார்கள் என்பதை மட்டும் சொல்ல முடியும். நான் வேலை பார்த்த படத்தின் பிரதி எங்கும் கிடையாது. நானும் தேடியிருக்கிறேன்.

உரிமை பற்றியும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள், திருட்டா என்று. இல்லை. பெரும்பாலானவை ஒளிபரப்பு உரிமை வாங்கிப் போட்டவை. சில, பொதுச் சொத்தாகிவிட்ட படங்கள். அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டாலோ, 1964க்கு முன் வந்த படத்துக்கு 28ஆம் வருடம் புதுப்பிக்காமல் விட்டாலோ உரிமை போய்விடும். சின்னத் தயாரிப்பாளர்கள் இரண்டையும் மறந்தார்கள். வாங்கிய உரிமைக்குக் காலக்கெடு உண்டு என்பதால், கெடு முடிந்ததும் அந்தப் பகுதியை மறுபடி போடவோ விற்கவோ முடியாது. ‘காட்ஸில்லா வெர்சஸ் மெகலான்’ பகுதி இருந்த டிவிடி தொகுப்பு இந்த மாதிரிச் சிக்கலில்தான் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆரம்ப கால நிகழ்ச்சியின் முடிவில், கேசட்டுகளைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்று ரசிகர்களுக்கு எழுத்தில் போடுவார்கள். என் வீட்டுக்கு வந்த அந்த கேசட் அப்படிக் கைமாறி வந்த ஒன்றுதான். இதற்கு மேல் சட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாத துறை.

எனக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ரிஃப்களில் பெரும்பகுதி அமெரிக்க விளம்பரப் பாட்டுகள், பழைய டிவி தொடர்கள், மினசோட்டாவின் குளிர் என்று அந்த மண்ணுக்குள் வேர்விட்டவை. இது யாருக்குப் புரியும் என்று நாங்கள் கேட்பதில்லை, புரிய வேண்டியவர்களுக்குப் புரியும் என்பது ஹாட்ஜ்சனின் கொள்கை. பல வருடம் பார்த்த பிறகும் புரிய வேண்டியவர்கள் பட்டியலில் நான் பாதிதான் இருக்கிறேன். ஆகவே நகைச்சுவையின் உள்ளடக்கம் பற்றி நான் சொல்வதை ஒரு அமெரிக்கர் திருத்தலாம். காலக் கணக்கு பற்றிச் சொன்னதை யாரும் திருத்த வேண்டியிருக்காது.

பிற்பாடு நடந்தது சுருக்கமாக. 2015இல் ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள். 48,000 பேருக்கு மேல் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2017இல் ஜோனா ரேயைத் தொகுப்பாளராக்கி நெட்ஃபிளிக்ஸில் புதிய பகுதிகள் வந்தன. அவற்றில் முதலில் பார்த்த சிலதில் ரிஃப்கள் நெருக்கியடித்துக்கொண்டு விழுகின்றன, சிரிக்க இடம் விடவில்லை. போகப் போகச் சரிசெய்துகொண்டார்கள். பழைய குழுவில் நெல்சன், கெவின் மர்ஃபி, பில் கார்பெட் மூவரும் 2006 முதல் ரிஃப்ட்ராக்ஸ் என்ற பெயரில் இதையே நிழலும் ரோபோவும் இல்லாமல், வெறும் குரலாகச் செய்துவருகிறார்கள். அது கிட்டத்தட்ட முழுக்க என் தொழில்.

நீங்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘ஸ்பேஸ் ம்யூட்டினி’ எளிது, ஆங்கிலக் குறிப்புகள் தெரியாவிட்டாலும் பிடிபடும். பிறகு ‘மேனோஸ்’ படத்தை முதலில் கேலி இல்லாமல், சுத்தம் செய்த பிரதியில், ஒரே மூச்சில் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். ஒரு வாரம் விட்டு நிகழ்ச்சியைப் போடுங்கள். டார்கோ வாசலில் நின்று, எஜமானர் இல்லாத நேரத்தில் வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று இழுத்து இழுத்துச் சொல்லும் காட்சி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுங்கள். அவர் சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியில் இந்த மூவரும் எங்கே நுழைகிறார்கள், எங்கே வேண்டுமென்றே நுழையாமல் அவரைப் பேச விடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது விட்ட இடங்கள் நான் நினைத்ததைவிட அதிகம் இருந்தன. உங்களுக்கு என்ன கணக்கு வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.